கலர் மாதிரியைத் தின்றுவிட்டேன்

பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை என்பது, வெளிநாட்டுக்காரர் கேட்டதை உள்ளூர்க்காரரைச் செய்ய வைத்து, தாமதத்துக்கு இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்பது. இதே வேலையில் இருப்பவர்கள் பக்கத்து மேஜைக்காரரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு படியுங்கள், அழுவதற்குத் துணை வேண்டும்.

எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. அப்பா முதலிபாளையத்தில் அயர்ன் மாஸ்டர். ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாகச் சொல்லித்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். தப்பு வந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு மெயிலையும் மூன்று முறை படித்த பிறகே அனுப்புவேன். அடக்க முடியாத ஆசை ஒன்றே ஒன்று: வெளிநாட்டு இனிப்பு. எங்களிடம் துணி வாங்கும் நெதர்லாந்து பையர் மார்லேன் மேடம் சாம்பிள் பார்சல் அனுப்பும்போதெல்லாம் துணிக்கு நடுவே ஏதாவது மிட்டாய் வைத்திருப்பார். பார்சலைப் பிரிப்பவருக்கே அந்த மிட்டாய் என்பது ஆபீஸ் வழக்கம். நடுவில் பாகு வைத்த மெல்லிய வட்ட பிஸ்கட் ஒன்று முதல் பார்சலில் வந்தது. அன்றிலிருந்து கூரியர்காரர் பைக் சத்தம் கேட்டாலே எனக்கு எச்சில் ஊறும்.

கறுப்பு மிட்டாய்

இரண்டாவது பார்சலில் கறுப்பாக, காசு வடிவத்தில் ஒரு பொட்டலம் மிட்டாய். ஒன்றை வாயில் போட்டேன். உப்பு! உப்புக்குப் பின்னால் மருந்து, மருந்துக்குப் பின்னால் என்னவென்றே சொல்ல முடியாத ஒன்று. துப்பினால் பையரை அவமதித்ததாகிவிடுமோ என்று பயந்து விழுங்கிவிட்டேன். பையர் அப்போது ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தார்.

மிச்சத்தைக் கட்டிங் மாஸ்டர் ராசப்பண்ணனிடம் நீட்டினேன். ஒன்றை மென்றவர் கண்ணை மூடிக்கொண்டார். "பாத்திரத்துக்கு ஈயம் பூசறப்ப நவச்சாரம் போடுவாங்கல்லங்க, அந்த வாசம்" என்றார். பிறகு ஜன்னலுக்கு வெளியே துப்பிவிட்டு வந்து சொன்னார்: "இதையத் தின்னு பழகுனவங்க நம்ம துணியில குத்தம் கண்டுபுடிக்கறதுல ஆச்சரியமே இல்லீங்க கண்ணு."

கல்லு மாதிரி ரொட்டி

நான்காம் மாதம் மார்லேன் மேடமே நேரில் வந்தார். மூன்று நாள் இட்லியும் பொங்கலும் சந்தோஷமாகச் சாப்பிட்டவர், நான்காம் நாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, தங்கள் ஊர்க் கறுப்பு ரொட்டி ஒரு துண்டு கிடைக்குமா என்று கேட்டார். கேட்ட குரலில் பையர் இல்லை, ஹாஸ்டலில் வீட்டு நினைப்பு வந்த பிள்ளைதான் இருந்தது. நாக்கு ஏங்குவது எனக்குத் தெரியாததா? வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஆறு பேக்கரி ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் வெள்ளை ரொட்டி, தேங்காய் பன், ஜாம் பன். ஏழாவது கடையில் பொறுமையாக விளக்கினேன்: கறுப்பாக இருக்க வேண்டும், கொஞ்சம் புளித்திருக்க வேண்டும், கையில் எடுத்தால் கல் மாதிரி கனக்க வேண்டும். கடைக்காரர் முகம் வாடிவிட்டது. "அந்த மாதிரி ஆகறதுக்குள்ள நாங்க வித்தர்றமுங்க."

நாக்கில் மூன்று பச்சை

ஆறாம் மாதம், கடைசி வாரம். பார்சல் வந்தது. மாதிரிச் சட்டை, பட்டன் அட்டை, அவற்றுக்கு நடுவே பச்சை நிறத்தில் ஒரே ஒரு மிட்டாய். வழக்கப்படி தின்றேன். பிஸ்தா ருசி. அதன் பிறகுதான் கூட வந்த தாளைப் படித்தேன். 'டி-ஷர்ட்டின் நிறம்: இணைத்துள்ள மிட்டாயின் பச்சை.' துணிக்கு எந்த நிறம் என்று காட்ட பையர்கள் துணித் துண்டு அனுப்புவார்கள், எப்போதாவது ஒரு இலையை அனுப்புவார்கள். மிட்டாயை அனுப்புவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பக்கத்து மேஜை ஜெனிஃபர் தூத்துக்குடிக்காரி. "ஏட்டி, கலரையேவா தின்ன? எங்க, நாக்க நீட்டு!" என்றாள். நீட்டினேன். பச்சை இருந்தது. நிறம் ஒப்பிட்டுப் பார்க்கும் விளக்குப் பெட்டிக்கு என்னை இழுத்துப் போனாள். மாதிரியை வாங்கிப் போக வந்திருந்த சாயப்பட்டறை அண்ணனும் அங்கே நின்றிருந்தார். பெட்டிக்குள் தலையை விட்டு நாக்கை நீட்டியபடி, ஆறு மாதத்தோடு வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பச்சை நிற அட்டைகளை ஒவ்வொன்றாக என் நாக்கருகே பிடித்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "நுனியில ஒரு பச்சைங்க, நடுவுல ஒரு பச்சைங்க, ஓரத்துல ஒரு பச்சைங்க. இதுல நான் எதைங்க சாயம் போடறது?"

வெயிலில் பார்த்தது

மிட்டாய் சுற்றியிருந்த தாளை எடுத்துக்கொண்டு மத்தியானமே காதர்பேட்டைக்கு ஓடினேன். மொத்த வியாபாரிகள் வந்து போகும் இடம், வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடை ஒன்றாவது இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. மூன்றாவது சந்தில் ஒரு கடை பாய் தாளைப் பார்த்ததும் அதே மிட்டாயை எடுத்து வைத்தார். கும்பிடாத குறைதான். ஆறு வாங்கினேன். பழக்க தோஷத்தில் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் வைத்து நிறம் பார்த்தேன். ஆறும் ஆறு பச்சை. ஒவ்வொரு முறை சாயம் போடும்போதும் நிறம் கொஞ்சம் மாறும் என்று தெரியும், மிட்டாயிலுமா?

மறுபடி கடைக்குள் போய், வேறு டப்பா இருக்கிறதா என்று கேட்டேன். அதையும் வெயிலுக்குத் தூக்கிப் போனேன். பாய் கல்லாவை விட்டு எழுந்து வந்து என் பக்கத்தில் நின்று, தானும் ஒரு மிட்டாயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இருவது வருசமா கடை வெச்சிருக்கேம்மா. சீலைக்குக் கலர் பாக்கற மாதிரி முட்டாய்க்குப் பார்த்த மொத ஆளு நீதான்."

நாலு பத்தி

ஆறில் ஒன்றை வைத்துச் சமாளித்துவிடலாம் என்றாள் ஜெனிஃபர். எனக்கு மனசு வரவில்லை. மேனேஜர் செந்தில் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், "வர்ற வழியில சேதமாயிருச்சுன்னு எழுதிரலாங்களா?" என்றார்.

"எந்த வழியில சார்? வாயிக்குப் போற வழியிலயா?" என்றேன். எனக்கே தெரியாமல் வந்துவிட்டது.

கடைசியில் மார்லேன் மேடத்துக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன். பார்சல் பிரித்தது, வழக்கம், தின்றது, மன்னிப்பு. ருசி நன்றாக இருந்தது என்பதையும் சேர்த்தேன், அதுவும் உண்மைதானே. அனுப்பிவிட்டு, மேஜை டிராயரில் இருந்த என் சாமான்களை ஒரு பைக்குள் எடுத்து வைத்தேன்.

மறுநாள் பதில் வந்தது. செந்தில் சார் என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துத் தமிழில் சத்தமாகப் படித்தார். இரண்டு மிட்டாய் வருகிறதாம். ஒன்றில் 'நிறம்' என்று அட்டை கட்டியிருக்குமாம், இன்னொன்றில் என் பெயராம். ஆர்டர் எங்களுக்குத்தானாம். சார் கடைசி வரியை இரண்டு தடவை படித்தார். "நான்கு நாட்டுக் கம்பெனிகளுக்கு இந்த மிட்டாயை அனுப்பினேன், மூன்று பேர் அது வந்து சேரவே இல்லை என்கிறார்கள், நீங்கள் ஒருவர்தான் ருசி எப்படி என்று எழுதியிருக்கிறீர்கள்."

வேலை நிரந்தரமாகிவிட்டது, அனுபவத்தில் சொல்கிறேன்: வெளிநாட்டு மிட்டாயின் ருசி ஒரு நிமிடம், அதற்கு எழுத வேண்டிய விளக்கம் நாலு பத்தி.