உள்ளே போன கீரி வெளியே வந்துவிட்டதா?

விதைக் கிடங்கைக் காப்பவர் மூட்டைகளைக் காக்கிறார் என்று ஊரார் நினைக்கிறார்கள். உண்மையில் அவர் காக்க வேண்டியது தரையை. எழுபதுகளின் பிற்பகுதியில், ஓர் ஆடி மாதக் கடைசி வாரம், காலை ஏழு மணிக்கு எனக்கு இது விளங்கியது. திருமானூருக்கு அருகே என் பொறுப்பில் இருந்த கிடங்கைத் திறந்து உள்ளே காலை வைத்தேன். தளம் கணுக்கால் ஆழத்துக்கு உள்வாங்கியது. சம்பா விதைநெல்லை அடுத்த வாரம் வழங்கியாக வேண்டும்; தரைக்கடியிலோ பெருச்சாளிகள் ஓர் ஊரையே அமைத்திருந்தன. மருந்து வைத்துப் பார்த்தாயிற்று. முதல் நாள் தின்றவை செத்தன. மற்றவை அதன்பின் அதை முகர்ந்தும் பார்க்கவில்லை. கிடங்குச் சாவியைத் தலையணைக்கடியில் வைத்து உறங்க முயன்ற அன்பர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

காவலாளி கோவிந்தன்தான் அஞ்சலையை அழைத்து வந்தான். சிறுவாச்சூர்ப் பக்கத்துக்காரி; முப்பது வயதிருக்கும்; தலையில் மூடிபோட்ட கூடை; கூடைக்குள் பழக்கப்படுத்திய இரண்டு கீரிகள். பெரியதன் பெயர் முனி, சிறியது பட்டு. கீரி வளைக்குள் நுழைந்தால் பெருச்சாளி வெளிச்சுவரில் உள்ள மறுவாய் வழியே ஓடிவரும். அங்கே அஞ்சலை தடியும் சாக்குமாக நிற்பாள். கிடங்குக்குள்ளே, எந்தக் கீரி நுழைந்தது, எங்கே இருக்கிறது, திரும்பியதா என்று கவனிக்க இன்னோர் ஆள் வேண்டும். கோவிந்தனுக்கு ஒரு காது கேட்காது. ஆகவே அப்பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது.

“எனக்கு நெலம் நீச்சு எல்லாம் இது ரெண்டும்தாம்மா,” என்றாள் அஞ்சலை. “உள்ள போனதை மறந்துடாதீங்க.”

கயிறு

முதல் நாள் நான் ஓர் ஏற்பாடு செய்தேன். கீரியின் கழுத்துப் பட்டையில் மெல்லிய நூல்கயிற்றைக் கட்டி, முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு, மறுமுனையை என் கையில் வைத்துக்கொண்டேன். கயிறு எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவு தொலைவில் கீரி இருக்கிறது; இதைவிடத் தெளிவான முறை இருக்க முடியாது என்பது என் எண்ணம். அஞ்சலை கயிற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கூடையின் மூடியைத் திறந்தாள்.

முனி ஒரு வளையில் நுழைந்து மறு வளையில் வெளியேறியது. பிறகு மூட்டை அடுக்கின் அடியிலிருந்த மரச்சட்டங்களுக்கிடையே புகுந்து, மூன்று சட்டங்களைச் சுற்றி வந்து, கயிறு இறுகியதும் அங்கேயே நின்று கத்தத் தொடங்கியது. ஓர் அடுக்கு முழுவதையும் இறக்கிய பிறகே அதை விடுவிக்க முடிந்தது. சுமை தூக்கியவர்களில் மூத்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “பெருச்சாளியே தேவலாம்ங்க. அது நம்மள மூட்டையத் தூக்கச் சொல்லலையே.”

அரை முட்டை

மறுநாள் முதல் கயிற்றுக்குப் பதிலாகச் சலங்கை மணி. கழுத்தில் ஒற்றை மணி. அது எங்கே ஒலிக்கிறதோ அங்கே கீரி. மணி அடங்கினால் நான் தரையில் காது வைக்க வேண்டும். கஞ்சி போட்ட பருத்திப் புடவையுடன் தரையில் படுத்து எழுந்தவர்கள் என் முதுகின் நிலையை அறிவார்கள்.

கீரிக்குக் காலையில் அரை முட்டைதான் கொடுக்க வேண்டும் என்பது அஞ்சலையின் விதி. முழு முட்டை தின்றால் வேலையில் நாட்டம் இராது. பட்டினி போட்டாலோ பிடித்ததை வளைக்குள்ளேயே தின்றுவிட்டுத் தூங்கிவிடும். மூன்றாம் நாள் பட்டு உள்ளே போயிற்று, இரண்டு முறை மணி ஒலித்தது, பிறகு ஒலிக்கவில்லை. பகல் முழுவதும் அஞ்சலை வளை வாயில் குந்தி, “பட்டு, பட்டும்மா” என்று அழைத்துக்கொண்டே இருந்தாள். சோறும் உண்ணவில்லை. மாலையில் பட்டு கொட்டாவி விட்டபடி வெளியே வந்தது. விசாரித்ததில், கோவிந்தன் தன் பங்குக்கு விடியற்காலையில் ஒரு முழு முட்டையும் கொஞ்சம் தயிர்ச்சோறும் ஊட்டியிருந்தான்.

“ஒரு உசுரு அரை வயித்தோட வேலைக்குப் போறதப் பாக்க முடியலைங்கம்மா,” என்றான் அவன். “நான் அப்படித்தான் தெனம் வரேன். எனக்கே இன்னும் பழகல.”

மேலதிகாரி

திருச்சியிலிருந்து மேலதிகாரி ஒருவர் முன்னறிவிப்பின்றி வந்தார். என் நாற்காலியில் அமர்ந்து இருப்பைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கையில், அவர் காலுக்குக் கீழே, தரையின் அடியிலிருந்து, மணி ஒலித்தது. அவர் பேச்சை நிறுத்தினார். மணி மெல்ல மேசையின் அடி வரை நகர்ந்து சென்றது. அவர் இரு கால்களையும் தூக்கிக்கொண்டார்.

“கீரி, சார். பெயர் முனி. இப்போதுதான் உள்ளே போயிருக்கிறது,” என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றளவும் தெரியவில்லை. கால்களை இறக்காமலேயே அவர் கேட்டார்: “பர்மனெண்டா, தினக்கூலியா?”

ஆட்டு மணி

ஆறாம் நாள் பெருச்சாளிகள் ஓடி ஓய்ந்தன. மறுநாள் காலை விதை வழங்கல். வளைகளை அடைத்துத் தளம் பூச, பக்கத்தில் சிமெண்ட் ஆலைக் குடியிருப்புகளைக் கட்டிக்கொண்டிருந்த கொத்தனார் ரத்தினம் வந்தார். கண்ணாடிச் சில்லைக் கலவையில் கலந்து வெளிவாய்களையெல்லாம் அடைத்து, காலையிலேயே தளத்தையும் பூசி முடித்தார். கிடங்குக்குள் ஒரு வாய்தான் மிச்சம். முனி கடைசிச் சுற்றுக்கு அதன் வழியே போயிருந்தது. பட்டு கூடையில் இருந்தது. அந்த நேரம் பார்த்து விவசாயிகள் சிலர் வாசலில் கூடிவிட, நான் அவர்களிடம் பேசப் போனேன். அஞ்சலை செத்த பெருச்சாளிகளைப் புதைக்கப் போயிருந்தாள்.

சுவரோரமாக ஒரு வெள்ளாட்டுக்குட்டி மேய்ந்துகொண்டு போயிற்று. அதன் கழுத்திலும் அதே சலங்கை மணி. இரண்டும் ஒரே சந்தையில் வாங்கியவைதாமே. ஒற்றைக் காதுக்கு ஒலி வந்த திசை தெரியாது. “வந்துடுச்சு, வந்துடுச்சு!” என்று கோவிந்தன் கூவினான். ரத்தினம் கடைசி வாயையும் அடைத்தார்.

அஞ்சலை வந்து கூடையைத் திறந்தாள், பட்டு மட்டும். ஈரக் கலவையைத் தோண்டியெடுத்து வாயைத் திறந்தோம். “முனி! டேய் முனி!” பதில் இல்லை. அவள் அழவில்லை. தரையைக் கையால் தட்டித் தட்டி நகர்ந்துகொண்டே இருந்தாள். அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. நானும் காதை வைத்தேன். எங்கோ மிக மெல்லிய ஒரு மணியொலி கேட்டது. உள்ளே குடைபட்டுக் கிடந்த தளமாதலால் எல்லாப் பக்கமும் கேட்பதுபோல் இருந்தது.

அப்போது என் மேசையறையில் சுருட்டி வைத்திருந்த கயிறு நினைவுக்கு வந்தது. “பட்டுவைக் கயிற்றோடு அனுப்பினால் அது முனி இருக்கும் இடத்துக்குப் போகும். ஆனால் கயிறு சிக்கினால் இரண்டும் போய்விடும், அஞ்சலை. நீதான் சொல்ல வேண்டும்,” என்றேன்.

அவள் பட்டுவை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பிறகு அதை என் பக்கம் நீட்டி, “கட்டுங்க,” என்றாள்.

முடிச்சு முடிச்சாகக் கயிறு உள்ளே போயிற்று. பதினொன்றாம் முடிச்சில் நின்றது, இழுத்தும் அசையவில்லை. நான் தரையில் படுத்தேன். கயிறு தொலைவைச் சொன்னது; பட்டுவின் மணி திசையைச் சொன்னது. இரண்டும் சேர்ந்த இடத்தில், அன்று காலைதான் பூசிய அரசாங்கத் தளத்தில், சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டேன்.

“மேலேருந்து கேட்டா என்னம்மா சொல்லுவீங்க?” என்றார் ரத்தினம்.

“நான் உடைக்கச் சொன்னேன் என்று சொல்வேன். உடையுங்கள்.”

கடப்பாரை மூன்றாம் குத்தில் உள்ளே இறங்கியது. முயல் பருமனில் ஒரு செத்த பெருச்சாளி வளையை அடைத்துக் கிடந்தது. இந்தப் பக்கம் பட்டு, அந்தப் பக்கம் முனி. பெருச்சாளியை வெளியே இழுத்ததுதான் தாமதம், முனி பாய்ந்து வந்து ரத்தினத்தின் சுட்டுவிரலைக் கவ்விற்று. “வாடா, வூட்டுக்கு வா, ஒனக்கு இருக்கு,” என்று அஞ்சலை அதைப் பிய்த்தெடுத்து முந்தானைக்குள் போட்டுக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

ரத்தினம் விரலை உதறியபடியே சொன்னார்: “கடிச்சது போவட்டும்ங்க. இத்தனை பேர் நிக்கையில, அடைச்சவன் நாந்தான்னு அதுக்கு எப்படிங்கம்மா தெரிஞ்சுது?”

மறுநாள் விதை குறித்த நேரத்தில் போயிற்று. உடைத்த தளத்தைப் பூசிய கூலியை அலுவலகம் மறு ஆண்டு பங்குனியில் கொடுத்தது, ரத்தினத்தின் விரலுக்கான மஞ்சளைக் கோவிந்தன் அன்றே தன் வீட்டிலிருந்து கொடுத்தான், கீரிகளின் முட்டைக்கு எந்தச் செலவுத் தலைப்பும் இல்லாததால், நான் ஓய்வு பெறும் வரை ஒவ்வோர் ஆடியிலும் அதை நானே கொடுத்தேன், அரை அரையாக.