ஒரு வான்கோழிக்காக நான் சொன்ன பொய்

செய்யாத தவறு ஒன்றை, எனக்கு உதவி செய்த ஒரு பெண்ணின் மீது முப்பது பேர் முன்னால் சுமத்தினேன். காரணம் ஒரு வான்கோழி. எழுதிப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் அன்று அவர் முகம் போன போக்கை நினைத்தால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் மியூனிக் அருகே கார்ஹிங்கில் ஐந்தாண்டு ஆராய்ச்சிப் பணியில் இருந்தேன். வெப்பம் ஒரு பொருளுக்குள் எப்படிப் பரவுகிறது என்பதுதான் என் துறை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நடந்ததற்கெல்லாம் இந்தத் துறையறிவே பெரும்பங்கு காரணம். நானும் மனைவியும் மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். தரைத்தளத்தில் யாழ்ப்பாணத்து அக்காவும் அவர் கணவரும். அக்கா என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். ஊரே அக்கா என்றதால் நானும் அப்படியே அழைத்தேன். அவர் என்னை அண்ணை என்பார்.

கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாளும் அங்கே விடுமுறை. அன்று சுற்றுவட்டாரத் தமிழர்கள் முப்பது பேர் போல ஒரு தேவாலயக் கூடத்தில் கூடிச் சாப்பிடுவோம். கிறிஸ்தவர், இந்துக்கள், இஸ்லாமியர், ஒன்றும் இல்லாதவர் என எல்லாரும் வருவார்கள். ஆராய்ச்சி மாணவர்கள் முதல் நாளிலிருந்தே பட்டினி கிடந்து வருவார்கள் என்று ஒரு பேச்சு. சமையல் ஆண்டுதோறும் அக்காவுடையது. அவருடைய ஆட்டிறைச்சிக் கறியைச் சாப்பிட்டுவிட்டு ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். காரத்தினால் என்று அவர் சொன்னார், நான் நம்பவில்லை. முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் நாள் முழுவதும் உப்பில்லாத உருளைக்கிழங்கு அவிக்கிற அக்காவுக்கு அந்த ஒரு நாள்தான் தன் கைக்கு மரியாதை கிடைக்கும் நாள்.

அந்த ஆண்டு நான் குறுக்கே புகுந்தேன். இளவயதில் இரண்டாண்டு இங்கிலாந்தில் படித்தவன் நான். கிறிஸ்துமஸ் என்றால் வான்கோழி என்று கூட்டத்தில் பேசினேன். ஆட்டிறைச்சி எதற்கு, அது எப்போதும் சாப்பிடுவதுதானே என்றும் சொல்லிவைத்தேன். எனக்கிருந்த வயதுக்கும் பட்டத்துக்கும் யாரும் மறுக்கவில்லை.

ஏழு கிலோ வான்கோழி, உறைந்த நிலையில் வந்து சேர்ந்தது. அதை இளக்குவதற்காகக் குளியல் தொட்டியில் குளிர்ந்த நீரில் போட்டோம். அது முழுதாக இளகும்வரை நாங்கள் குளிக்கவில்லை. அடுத்த சிக்கல், எங்கள் ஓவனுக்குள் அது நுழையவில்லை. கால்களை மடக்கிப் பார்த்தேன். கழுத்துப் பக்கத்தால் தள்ளிப் பார்த்தேன். அக்காவிடம் பழைய காலத்துப் பெரிய ஓவன் ஒன்று இருந்தது. அவர் அதைப் போறணை என்பார். கேட்டதும், தாராளமாய்ச் சுடுங்கோ என்றார்.

எப்போது சுடுவது என்பதில்தான் பிரச்சினை எழுந்தது. இருபத்தாறாம் தேதி விருந்து. இருபத்து மூன்றாம் தேதியே சுட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி. பண்டிகை நாட்களில் ஆராதனை, விருந்தினர், அலைச்சல். முன்கூட்டியே முடித்தால் நிம்மதி. தவிர, என்னிடம் ஒரு கோட்பாடும் இருந்தது. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் நேற்று வைத்த மீன்குழம்புக்குத்தான் ருசி அதிகம். ஒரு நாள் கழிந்த குழம்புக்கே அவ்வளவு ருசி என்றால், மூன்று நாள் கழிந்த வான்கோழி எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

“மீன் கொழம்புக்குள்ள கெடக்கு, ஊறுது. இது எதுக்குள்ளங்க கெடக்கு?” என்று மனைவி கேட்டாள். விஞ்ஞானத்தில் இவ்வளவு நேரடியான கேள்விக்குப் பதில் சொல்லும் வழக்கம் இல்லை.

அக்காவும் விருந்தன்று காலையில் சுடத்தான் சொன்னார். “அண்ணை, அண்டைக்கு விடியச் சுட்டால்தான் நல்லம். நான் வெள்ளன எழும்பிச் சுட்டுத் தாறன்.” வெப்பக் கடத்தல் பற்றி அவருக்குக் கால் மணி நேரம் விளக்கினேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். முடிவில், “சரி, உங்கடை விருப்பம்” என்றார்.

இருபத்து மூன்றாம் தேதி வான்கோழி அருமையாக வெந்தது. இதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். அந்த ஓவன் தன் வேலையைக் குறையில்லாமல் செய்தது. பொன்னிறத்தில் மினுங்கியது பறவை. அன்றே சாப்பிட்டிருந்தால் என் பெயர் அங்கே நிலைத்திருக்கும்.

குளிர்பதனப் பெட்டிக்குள் அது நுழையாததால் எங்கள் பால்கனியில் மூடிவைத்தேன். அதன்பின் ஒரு பயம் பிடித்துக்கொண்டது. கெட்டுப்போனால் என்ன செய்வது? எங்கள் வீட்டில் கறி மிஞ்சினால் காலையும் மாலையும் அடுப்பில் ஏற்றிச் சுண்டவைப்பார்கள். அப்படி வைத்தால் கெடாது. ஆகவே வான்கோழியையும் சுண்டவைக்கத் தீர்மானித்தேன்.

“வெளிய பனி கொட்டுது. பால்கனில தண்ணி வச்சா கல்லாயிருது. அங்க எப்படிங்க கெடும்?” என்றாள் மனைவி.

எச்சரிக்கையாக இருப்பது நல்லது என்றேன். காலையில் தட்டோடு தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்குவேன். அக்காவின் ஓவனில் ஒரு மணி நேரம் சூடாக்குவேன். மறுபடி மூன்று மாடி ஏறுவேன். மாலையிலும் அதேபோல. முதல் மாடியில் ஒரு ஜெர்மன் மூதாட்டி இருந்தார். என் காலடி கேட்டால் கதவைத் திறந்து வான்கோழிக்கு வணக்கம் சொல்வார். நான்காவது முறை பார்த்தபின் என் மனைவியைத் தனியே அழைத்து, மரியாதையாக, இப்படி அந்தப் பறவையை ஊர்வலமாக எடுத்துச் செல்வது உங்கள் சமய வழக்கமா என்று விசாரித்தாராம். ஆமாம் என்று சொல்லிவிட்டாள்.

இரண்டாம் நாளே அக்கா எச்சரித்தார். “காஞ்சு போகுது அண்ணை. இனிச் சூடாக்காதேங்கோ.” நான் கேட்கவில்லை. மொத்தம் ஆறு முறை.

இருபத்தாறாம் தேதி நண்பகல், ஜெபம் முடிந்து எல்லாரும் தட்டோடு நின்றார்கள். நான் கத்தியை வைத்தேன். கத்தி இறங்கவில்லை. கொஞ்சம் அழுத்தினேன். தட்டு நகர்ந்தது, வான்கோழி அப்படியே இருந்தது. அக்காவின் கணவர் தட்டைப் பிடித்துக்கொள்ள, நான் அறுத்தேன். மரத்தூள் போல உதிர்ந்தது. சோறு, பருப்பு, தேங்காய்ச் சம்பல் தவிர வேறு எதுவும் இல்லை. ஆட்டிறைச்சியை நிறுத்தியவன் நான்தானே. திருச்சிப் பையன் ஒருவன், என் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்தவன், நீண்ட நேரம் மென்றுவிட்டுப் பணிவாகக் கேட்டான்:

“சார், இது ஏன் சார் இப்படி ஆச்சு?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சு நேரம் இருந்தது.

“அக்காவோட ஓவன் ரொம்பப் பழசு. வெப்பம் ஒரே சீரா நிக்காது. நான் அப்பவே சொன்னேன்” என்றேன்.

அக்கா கரண்டியோடு சோற்றுப் பானை பக்கத்தில் நின்றிருந்தார். என்னை ஒருமுறை பார்த்தார். வயதில் மூத்தவன், படித்தவன், சபையில் மறுத்துப் பேச அவருக்கு மனம் வரவில்லை. முகம் கறுத்துப் போயிற்று. வரிசையில் அடுத்து நின்றவருக்குச் சம்பல் வைத்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது மனைவி என்னை விட்டு அக்காவோடு நடந்தாள்.

சில மாதங்களில் அக்கா அந்த ஓவனை வேண்டாம் என்று கழித்துவிட்டார். பெரிய சாமான்களை நகராட்சி அள்ளிப்போகும் நாளில் அவர் கணவர் அதைத் தெருவோரம் கொண்டுவைத்தார். நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நின்றேன். வண்டி வருமுன்பே யாரோ ஒருவர் அதை ஏற்றிக்கொண்டு போனார். நன்றாகவே சுட்டுக்கொண்டிருக்கும் எங்கேயோ.

அடுத்த கிறிஸ்துமஸ் நெருங்கியபோது, கூட்டத்தை நடத்துபவர்கள் அக்காவுக்கு இந்த முறை சிரமம் கொடுக்க வேண்டாம் என்று தீர்மானித்தார்கள். நம் ஆட்கள் ஒருவரின் சமையலை வேண்டாம் என்பதை இப்படித்தான் சொல்வார்கள். ஓவன் மேல் நான் போட்ட பழி வாய்க்கு வாய் மாறி, அதற்குள் அக்காவின் கை மேல் ஏறியிருந்தது. சாப்பாடு ஓர் உணவகத்திலிருந்து வந்தது. அக்காவைக் காகிதத் தட்டு கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுவந்தார். அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. ஜெபம் முடிந்ததும் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஓவன் மேல் தவறில்லை, ஆறு முறை சூடாக்கியது நான், அக்கா தடுத்தும் கேட்கவில்லை, பிறகு பொய்யும் சொன்னேன்.

கை தட்டினார்கள்.

“பெரிய மனசு சார் உங்களுக்கு. அக்காவுக்காகப் பழிய நீங்க ஏத்துக்கறீங்களே” என்றார் ஒருவர். இன்னொருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் மறுக்க மறுக்க என் பெருந்தன்மை வளர்ந்துகொண்டே போயிற்று. அக்காவின் சமையல் அவ்வளவு மோசம், அதனால்தான் ஒரு பெரிய மனிதர் இப்படிப் பொய் சொல்லிக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது என்று ஆகிவிட்டது.

திரும்பும் வழியில் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் நடையை நிறுத்தவில்லை. “அண்ணை, நீங்கள் ஒவ்வொருக்கா வாய் திறக்கேக்கையும் நான் ஒரு படி கீழ போறன்.”

“நான் என்ன செய்யணும், சொல்லுங்க.”

“ஒண்டும் செய்யாதேங்கோ. அதுதான் பெரிய உதவி.”

அந்த ஒன்றுதான் என்னால் முடியாதது. சொல்லி நம்பாதவர்களுக்குச் செய்து காட்ட வேண்டும் என்று தோன்றியது. ஒரு சோதனையில் ஒன்றை மட்டும் மாற்றி மற்றதையெல்லாம் அப்படியே வைக்க வேண்டும். ஓவனை மாற்றுவேன், சமைப்பவன் அதே ஆள்.

மூன்று வாரத்தில் பொங்கல் கூட்டம். என் ஓவனுக்குள் நுழையும் அளவுக்குச் சிறிய வான்கோழி ஒன்றைத் தேடி வாங்கினேன். மூன்று நாள் முன்பே சுட்டேன். காலையும் மாலையும் ஆறு முறை, தலா ஒரு மணி நேரம், சூடாக்கினேன். ஒவ்வொரு முறையும் குறிப்பேட்டில் நேரமும் நிறமும் எழுதினேன். மனைவி அந்த மூன்று நாளும் பகலில் அக்காவின் வீட்டில் இருந்துவிட்டாள். மாப்பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று ஊரிலிருந்து அவள் அண்ணன் தொலைபேசியில் கேட்டாராம். என்ன சொன்னாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்ட கையோடு இருந்தவர்கள் முன்னால் வான்கோழியைக் கொண்டுபோய் வைத்தேன். குறிப்பேட்டை வாசித்தேன். இது என் வீட்டு ஓவன், அக்கா இதைத் தொடவே இல்லை என்றேன். கத்தியை வைத்தேன். இறங்கவில்லை. அவ்வளவு மகிழ்ச்சி எனக்கு வாழ்க்கையில் வேறு எந்தச் சோதனையிலும் வந்ததில்லை. அக்காவின் கணவர் வழக்கம்போல் தட்டைப் பிடித்தார். திருச்சிப் பையன் ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி, வெகுநேரம் மென்றான்.

“சேம் ரிசல்ட் சார். டவுட்டே இல்ல” என்றான்.

முப்பது பேரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மெதுவாக எழுந்து வந்தார். சின்னதாக ஒரு துண்டு பிய்த்துத் தின்று பார்த்தார்.

“ஓம். இது அண்ணையின்ரை கைப்பக்குவம்தான்” என்றார்.

கூடமே சிரித்தது. அவர் கணவர் சிரித்த சிரிப்பில் தட்டு கைநழுவியது. விழுந்த வான்கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு நடத்துபவர்களே அக்காவின் வீட்டுக்குப் போய்க் கேட்டார்கள். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு முறை போகவேண்டியிருந்தது. நானும் கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். கடைசியில் அக்கா சம்மதித்தார். சமையல் விருந்தன்றுதான், சமையல் நடக்கிற இடத்துக்கு நான் வரக்கூடாது என்று இரண்டு நிபந்தனைகள்.

ஆட்டிறைச்சிக் கறியும் புட்டும் அன்று காலையில் தயாராயின. வரிசையில் என் முறை வந்தபோது அக்கா மற்றவர்களுக்கு வைத்த அளவே எனக்கும் வைத்தார், கூடவுமில்லை, குறையவுமில்லை. மூன்றாம் முறை போய் நின்றேன். பானையை எட்டிப் பார்த்துவிட்டு ஒரு டப்பாவை எடுத்து மிச்சத்தை நிரப்பித் தந்தார்.

“நாளைக்குச் சாப்பிடுங்கோ அண்ணை. ஆனால் சூடாக்க வேண்டாம். உள்ளபடியே சாப்பிடுங்கோ.”

மறுநாள், கொழுப்பு வெள்ளையாய் உறைந்த அந்தக் கறியை நான் குளிரக் குளிரச் சாப்பிட்டு முடித்தேன். மனைவி தன் பங்கை அடுப்பில் வைத்து ஆவி பறக்கச் சாப்பிட்டாள்.