கடைசி வீட்டுக் கஞ்சி

எங்கள் வீட்டு போர் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது. ஆறு விசில் விட்டுக் குக்கரைத் திறந்தாலும் தனித்தனியாக முழித்துக்கொண்டு நிற்கும். சோப்பு நுரைக்காது. குடத்தை எவ்வளவு தேய்த்தாலும் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். குத்தாலத்துப் பக்கம் ஆற்றுத் தண்ணீரில் வளர்ந்தவள் நான். தஞ்சாவூரில் மனை வாங்கியபோது அகலம் பார்த்தோம், வாசல் எந்தத் திசை என்று பார்த்தோம், தண்ணீரை மட்டும் ஒரு வாய் குடித்துப் பார்க்கவில்லை. காவிரி ஓடுகிற ஊரில் தண்ணீரைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

அதனால் சமையலுக்குக் குழாய்த் தண்ணீர்தான். கொள்ளிடத்திலிருந்து வருவது. ஒருநாள் விட்டு ஒருநாள், விடிகிற நேரத்தில் ஒரு மணி நேரம் விடுவார்கள். விரல் தடிமனுக்கு வரும். எனக்கோ பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. ஒருநாள் பிளம்பரைக் கூப்பிட்டு, குழாயிலேயே நேராக ஒரு மோட்டாரை மாட்டச் சொன்னேன். அப்படி மாட்டக் கூடாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

“கேட்டா நான் மாட்டுனேன்னு மட்டும் சொல்லிடாதீங்கம்மா,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் பத்தே நிமிடத்தில் தொட்டி நிறைந்தது. அன்றைக்குப் போட்ட காபியை நானே இரண்டு தரம் குடித்தேன்.

எங்கள் தெருவில் ஆறு வீடுகள். குழாய் எங்கள் வீட்டுப் பக்கமாகத் தெருவுக்குள் நுழைகிறது. கடைசி வீட்டில் இருப்பவள் என்னைவிடப் பத்து வயது சின்னவள். கணவர் துபாயில். என்னை அக்கா என்பாள், நானும் அவளைக் கூடப் பிறந்தவளாகத்தான் நினைத்திருந்தேன். ரம்ஜான் மாதம் முழுக்க அவள் வீட்டிலிருந்து தினமும் சாயங்காலம் ஒரு தூக்கு நோன்புக் கஞ்சி எங்களுக்கு வந்துவிடும். நோன்பு இருப்பவள் அவள், மணியைப் பார்த்துக்கொண்டே இருப்பவள் நான். நோன்பு வைத்துக்கொண்டு ருசி பார்க்க முடியாது. உப்பும் மிளகும் அவளுக்குக் கைக்கணக்குதான். ஒரு வருஷமும் அந்தக் கை தப்பியதில்லை.

மோட்டார் மாட்டிய அந்த வருஷம் கஞ்சி சரியாக இல்லை. லேசாகக் கரித்தது. பருப்பு மணல் மாதிரி பல்லில் நெரிந்தது. முதல் நாள் பேசாமல் குடித்தேன். மூன்றாம் நாள் என் கணவரிடம், “என்னமோ ஏனோதானோன்னு செய்யுறா,” என்றேன்.

அவர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. “போர் தண்ணில வச்சிருப்பா. அவ வீட்டுக் குழாய்ல ரெண்டு வாரமா தண்ணி வரலயாம்.”

நான் மோட்டார் மாட்டியும் இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

என் அப்பாவுக்குக் கடைமடையில் நிலம். வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் தலைமடைக்காரர்கள் அடைத்துத் தங்கள் வயலுக்குத் திருப்பிக்கொள்வார்கள். அப்பா மண்வெட்டியோடு காய்ந்த வாய்க்காலில் நின்று அவர்களைத் திட்டியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. அந்தத் திட்டைக் கேட்டே வளர்ந்தவள் நான். அத்தனையும் இப்போது என் வீட்டு விலாசத்துக்கு வந்து சேர்ந்தன.

உடனே போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குப் பதில் இரண்டு குடம் நல்ல தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போனேன். அவள் பதறிப்போய் வாங்கினாள்.

“உங்களுக்கு இருக்காக்கா? இல்லாம எனக்குத் தூக்கிட்டு வந்துடாதீங்க.”

அவள் தண்ணீரை அவளுக்கே கொடுத்துவிட்டு நல்லவள் என்ற பெயரும் வாங்கிக்கொண்டு வந்தேன். இப்படியே ஒரு வாரம் ஓடியது. கஞ்சி நன்றாகிவிட்டது. ஆனால் உண்மை தெரிந்தால் அவள் என்னை விட்டுவிடுவாளோ என்ற பயம் எனக்கு நிஜமாகவே இருந்தது. எட்டாம் நாள் வெறுங்கையோடு போய் வாசலில் நின்றபடியே சொன்னேன்.

“நான்தாம்மா மோட்டார் போட்டிருக்கேன். அதான் உனக்கு வரல.”

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“தெரியும்க்கா. விடியறதுக்கு முன்ன சஹர் சாப்பாட்ட முடிச்சிட்டு நானும் குழாய்கிட்டதான நிக்கிறேன். குழாய் வாயில கைய வச்சா உள்ள இழுக்குது. அந்நேரம் தெருவுல உங்க மோட்டார் சத்தம் மட்டும்தான் கேக்கும்.”

“அப்பறம் ஏன் கேக்கல?”

“நோன்பு வச்சிக்கிட்டு சண்ட போடக் கூடாதுன்னு இருந்தேன். பெருநாள் முடியட்டும், வந்து நல்லா நாலு வார்த்த கேட்டுக்கலாம்னு.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கப் போய் அழுதுவிட்டேன்.

தெரிந்துகொண்டேதான் அத்தனை நாளும் எனக்குக் கஞ்சி அனுப்பியிருக்கிறாள்.

அன்றைக்கே பிளம்பரை வரச்சொல்லி மோட்டாரைக் கழற்றினேன். அடுத்த முறை தண்ணீர் வந்தபோது, விரல் தடிமனுக்கு விழுவதைப் பார்த்துக்கொண்டு குடத்துப் பக்கத்தில் குந்தியிருந்தேன். முதல் குடம் பாதிகூட நிறையவில்லை. தெருக்கோடியிலிருந்து அவள் குரல் கேட்டது.

“அக்கா, இங்க வந்துடுச்சு.”

அன்று மாலை தூக்கைத் திறந்து கஞ்சியைக் கரண்டியால் கிளறிப் பார்த்தேன். பருப்பு வெந்து குழைந்து, இருந்த இடமே தெரியவில்லை.