அடுத்த வாட்டியும் எங்களையே கூப்பிடுங்க

எனக்குப் பத்து வயதிலேயே மேனேஜர் வேலை கிடைத்துவிட்டது. சம்பளம் கிடையாது, போகிற இடத்தில் டீயும் பட்டர் பிஸ்கட்டும் உண்டு. வேலை கொடுத்தவர் என் தாய்மாமா, அம்மாவின் ஒரே தம்பி. அப்போது அவர் திருவொற்றியூரில் எங்கள் வீட்டிலேயே தங்கி, எங்கள் சோற்றைச் சாப்பிட்டு, எங்கள் டிவி சத்தத்தை எங்களையே குறைக்கச் சொல்லிவிட்டுப் பாட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

மாமா கானா பாடகர். கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள் என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவார். ஆனால் அவர் குரல் முழுதாக வெளியே வருவது சாவு வீட்டில்தான். எங்கள் பக்கத்தில் ஒருவர் போய்விட்டால், எடுக்கிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய வாழ்க்கையைப் பாடுவதற்கு ஆள் வேண்டும். மாமா போனதும் பாடிவிட மாட்டார். பந்தலின் ஓரமாக நின்று நாலு பேரிடம் விசாரிப்பார். இறந்தவர் எங்கே வேலை பார்த்தார், எந்தக் கடையில் டீ குடித்தார், யாரோடு கடைசிவரை பேசாமல் இருந்தார், எந்தப் பிள்ளைமேல் உயிர் என்று எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொள்வார். அரை மணி நேரத்தில் அத்தனையும் பாட்டாக வரும். அதுவரை விறைப்பாக நின்ற மருமகன்கள்கூடத் துண்டை எடுத்து முகத்தைத் துடைப்பார்கள்.

ஊரை அழவைக்கத் தெரிந்த மனிதருக்குக் காசு கேட்க மட்டும் வாய் வராது. “சாவு வூட்ல போய் இன்னாக்கா துட்டு பேசறது?” என்பார். கொடுத்ததை வாங்கிக்கொள்வார், கொடுக்காவிட்டால், அவர்கள் துக்கத்தில் நாம் வேறா என்று திரும்பிவிடுவார். ஒருமுறை காசுக்குப் பதிலாக இறந்தவருடைய குடையோடு வந்து நின்றார். அம்மா அந்தக் குடையை வாசற்படி தாண்ட விடவில்லை. மழையில் நனைந்தபடி அது வெளியிலேயே கிடந்தது.

அம்மா காலடிப்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்றாள். மனதில் இருப்பது அப்படியே வாயில் வருகிற ஆள் என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். ஒரு தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை அவள் மாமாவை உட்காரவைத்துக் கணக்குத் தீர்த்தாள். மணலி ரோட்டில் ஒரு கண்டெய்னர் யார்டு, பெட்டிகளின் நம்பரைச் சரிபார்த்து எழுதுகிற வேலை. அப்பாவுக்குத் தெரிந்தவர் சொல்லி வைத்திருந்தார்.

“சித்திர வரிக்கும் டைம் தர்றேன். அதுக்குள்ள உன் பாட்டு சோறு போட்டா பாடு. இல்லியா, வாயப் பொத்திகினு யார்டுக்குப் போ” என்றாள்.

யார்டில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டு. சாவு, ஷிஃப்டு பார்த்து வராது. அந்த வேலைக்குப் போனால் மாமாவின் பாட்டு அதோடு முடிந்தது என்பது எனக்கே புரிந்தது. மாமா விரலால் தட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே அவர் ராயபுரத்தில், ஒரு சர்ச்சை ஒட்டியிருந்த ஹாலில் நடந்த பயிற்சி வகுப்புக்குப் போனார். கலைஞர்கள் தங்கள் கலையை வைத்தே பிழைப்பது எப்படி என்று ஒரு நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். வந்தவர்களெல்லாம் மெஹந்தி போடுகிறவர்கள், கல்யாண போட்டோ எடுக்கிறவர்கள், மேக்கப் போடுகிறவர்கள். பாடம் எடுத்த மேடம் ஒவ்வொருவரிடமும் “உங்கள் வாடிக்கையாளர் யார்?” என்று கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். மாமாவின் முறை வந்தபோது அவர் எழுந்து நின்று, “செத்தவங்க மேடம்” என்றாராம். வகுப்பே சிரித்தது, மேடம் மட்டும் சிரிக்காமல் குறித்துக்கொண்டார் என்று பெருமையாகச் சொன்னார்.

சாயங்காலம் ஒரு நோட்டோடு வந்தார். அதிலிருந்த எதையும் அவர் சந்தேகப்படவில்லை. விலையைக் கலைஞரே பேசக் கூடாது, அதற்கு வேறொருவர் வேண்டும் என்று இருந்தது. வீட்டில் சும்மா இருந்த வேறொருவர் நான்தான். பார்ப்பவர்களுக்கெல்லாம் கார்டு கொடுக்க வேண்டும் என்று இருந்தது. வண்ணாரப்பேட்டைக்குப் போய், ரோஸ் கலரில், ஒரு பக்கம் மைக்கும் மறுபக்கம் மயிலும் போட்டு, ‘சகல சுப, துக்க நிகழ்ச்சிகளுக்கும் அணுகவும்’ என்று கார்டு அடித்து வந்தார். நிகழ்ச்சி முடிந்ததும் நன்றி சொல்லி, மறுபடியும் நம்மையே அழைக்கும்படி கேட்க வேண்டும், ஒருமுறை வந்தவரைத் திரும்பவும் வரவைப்பதுதான் தொழில் என்றும் இருந்தது. இதை எனக்குத் தனியாகப் பயிற்சி கொடுத்தார். நான் கார்டை இரண்டு கையாலும் நீட்டி, லேசாகக் குனிந்து, “ரொம்ப நன்றி. அடுத்த வாட்டியும் எங்களையே கூப்பிடுங்க” என்று சொல்ல வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று நூறு தடவை சொல்லியிருப்பேன்.

ராயபுரத்தில் ஒரு காதுகுத்தில் முதன்முதலாக அரங்கேற்றம். குழந்தையின் அப்பா என் கன்னத்தைக் கிள்ளி, “அடுத்தது பொறந்தாலும் உங்களத்தான் கூப்டுவேன்” என்றார். மாமா சந்தோஷத்தில் துள்ளிக் கூரையைத் தொட்டுவிட்டு வந்தார்.

அதன்பிறகு மாமாவின் போன் அடிக்க ஆரம்பித்தது. மாசி முடிவதற்குள் மூன்று சாவு வீடுகள். மூன்றிலும் போனிலேயே தொகை பேசி, பாதியைக் கையில் கொடுத்துத்தான் உட்காரவைத்தார்கள். பள்ளிக்கூட நாள் என்பதால் எனக்கு அங்கே வேலையில்லை. “பாத்தியா பாப்பா, மார்க்கெட்டிங்! எல்லாம் மார்க்கெட்டிங்!” என்றார் மாமா. அதுவரை நாங்கள் கொடுத்திருந்த கார்டுகள் முப்பதுகூட இருக்காது. அதிலும் பாதியைக் காதுகுத்துக்கு வந்த பிள்ளைகள் ராக்கெட் செய்து விட்டுவிட்டார்கள். அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் நாங்கள் இருவரும் இல்லை.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை, காலடிப்பேட்டையில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். ஹார்பரில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மறுநாள் சனிக்கிழமை மூன்று மணிக்கு எடுப்பு, காலையிலிருந்தே பாட்டு. பள்ளி விடுமுறை, அதனால் மேனேஜரும் உடன் கிளம்பினார். அம்மா முதல் நாளே போய் மாலை போட்டுவிட்டு வந்திருந்தாள். கிளம்பும்போது என் தோளைப் பிடித்து, “சாவு வூட்லேர்ந்து கெளம்பும்போது ‘போய்ட்டு வர்றேன்’னு சொல்லிடாத. யார் கைலயும் சொல்லாம வந்துடணும். புரிதா?” என்றாள். புரிந்தது. வழிநெடுக அதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டு போனேன்.

அன்றைக்கு மாமா பாடியதுபோல் பிறகும் நான் கேட்டதில்லை. ‘கப்பல் சரக்க தூக்குன கையி, ஒத்த மாலைய தாங்கலியே’ என்று அவர் எடுத்ததும், ஐஸ் பெட்டியில் கைவைத்துக் கல்லுப்போல் உட்கார்ந்திருந்த அந்த வீட்டம்மா ஓவென்று கதறினார். மூத்த மகன் பந்தக்காலைக் கட்டிக்கொண்டு நின்றான். நானும் அழுதேன். மேனேஜர் அழலாமா என்று நோட்டில் ஒன்றும் இல்லை.

இரண்டு மணிக்குப் பாட்டை நிறுத்தினார்கள். மூத்த மகனே மீதித் தொகையைக் கவரில் போட்டு எடுத்துவந்து மாமாவின் பையில் வைத்தான். “எங்க நைனாவ கண்ணு முன்னால கொண்டாந்து நிறுத்திட்ட” என்றான். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ‘போய்ட்டு வர்றேன்’ என்று சொல்லாமல் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான். நான் உதட்டை இறுக்கிக்கொண்டேன். பிறகு, இன்னும் ஒரு வேலை பாக்கியிருக்கிறதே என்று நினைவு வந்தது. கார்டை எடுத்தேன். இரண்டு கையாலும் நீட்டினேன். லேசாகக் குனிந்தேன்.

“ரொம்ப நன்றி. அடுத்த வாட்டியும் எங்களையே கூப்பிடுங்க.”

மோளம் அடிப்பவர் கையை அந்தரத்திலேயே நிறுத்திவிட்டார். மாமாவின் முகம் ஐஸ் பெட்டியில் இருந்தவரின் முகத்தைவிட வெளுத்துப்போனது. மூத்த மகனுக்குப் புரிய இரண்டு நொடி ஆயிற்று. புரிந்ததும், “எவ்ளோ தில்லு இருந்தா எங்க வூட்ல அடுத்த சாவுக்கு இப்பவே புக் பண்ணுவ?” என்று மாமாவின் சட்டையைப் பிடித்தான். மாமா கையெடுத்துக் கும்பிட்டு, “சின்னப் பொண்ணுண்ணா, தெரியாம சொல்லிட்டா, மன்னிச்சிக்கோ” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சட்டைப் பித்தான் ஒன்று தெறித்து விழுந்தது. யார்டு வேலை என் கண்முன்னால் வந்து நின்றது. ஒரே வாக்கியத்தில் மாமாவின் பிழைப்பை முடித்துவிட்டேன் என்று நினைத்து, நீட்டிய கையில் கார்டோடு அப்படியே நின்றேன். கையை மடக்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

“டேய், அவன வுடுடா!”

அந்த வீட்டம்மாதான். தலைமுடியெல்லாம் கலைந்து, தொண்டை கட்டி, ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டே எழுந்தார். “கொயந்த கரெக்டாத்தான் சொல்லுது. இந்த வூட்ல அடுத்தது யாரு, நீயா? நான்தான்டா. கொண்டா கண்ணு அந்தச் சீட்ட” என்றார். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி, மயிலைப் பார்த்து, இடுப்பில் செருகிக்கொண்டார். “எனக்கும் இவனே பாடட்டும். ஆனா நான் பண்ண சண்டையெல்லாம் பாடக் கூடாது, சொல்லிட்டேன்” என்றார். யாரோ ஒரு பெண்மணி அடக்கமுடியாமல் சிரித்துவிட, பந்தலே சிரித்தது. சட்டையைப் பிடித்திருந்த மகனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே மாமாவின் தோளில் சாய்ந்து அழுதான்.

அந்தம்மா என்னைக் கிட்டே இழுத்தார். கண்ணீரும் விபூதியும் கலந்த முகம். “நீ மீன்காரி பொண்ணுதான? இந்தச் சீட்டெல்லாம் இன்னாத்துக்குடி? தெனம் மார்க்கெட்டுல ‘என் தம்பி, என் தம்பி’ன்னு உங்கம்மா வாய் ஓயாம பேசிகினு கீறாளே. அது போதாதா?” என்று என் காதில் சொன்னார்.

மாமாவுக்கு அது கேட்கவில்லை. அவர் குனிந்து பித்தானைத் தேடிக்கொண்டிருந்தார்.

சாவு வீட்டிலிருந்து வந்தால் தலைக்கு ஊற்றிக்கொள்ளாமல் உள்ளே போகக் கூடாது. கொல்லைப்பக்கம் அம்மா எனக்குத் தண்ணீர் ஊற்றினாள். நடந்ததையெல்லாம் சொன்னேன். “அடிப்பாவி” என்று முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு சொம்பைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாட்டு எப்படி இருந்தது, யாரெல்லாம் அழுதார்கள் என்று துருவித் துருவிக் கேட்டாள். அவள் கலகலப்பாக இருந்த அந்த நேரம் பார்த்து, என் மனதை அறுத்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

“நீ மார்க்கெட்டுல எல்லார் கைலயும் மாமாவத் திட்டிகினு கீறியாம்மா?”

வீட்டில் அம்மா மாமாவைப் பற்றி வாயைத் திறந்தாலே அது திட்டாகத்தான் இருக்கும். அதனால் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அம்மா கீழே வைத்த சொம்பை எடுத்தாள்.

“ஆமா, திட்டிகினுதான் கீறேன். அத்த அவன் கைல சொல்லிடாத. மனசு கஷ்டப்படுவான்” என்று மறுபடியும் தண்ணீர் ஊற்றினாள்.

சித்திரை வந்தது, போனது. யார்டைப் பற்றி வீட்டில் யாரும் பேச்செடுக்கவில்லை. மாமாவுக்கு வேலை வந்துகொண்டே இருந்தது; பிறகு மேடைகள் வந்தன, பெயர் வந்தது. இன்றைக்கும் புதிதாகப் பாட வருகிற பையன்களை உட்காரவைத்து, ரோஸ் கார்டில்தான் எல்லாம் ஆரம்பித்தது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் இப்போது படம் வரைந்து பிழைக்கிறேன். போன வருஷம், காலடிப்பேட்டையில் ஒரு வீட்டில் சுவருக்குப் படம் போடக் கூப்பிட்டார்கள். என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். “மீன் வாங்கப் போனா உங்கம்மா வுட்டாத்தான? உன் பெருமைய பேசிட்டுத்தான் மீன் வெட்டித் தருது” என்றார்கள். வீடு வந்து சேரும்வரை எனக்கு வேறெதுவும் ஓடவில்லை. அந்த மூன்று சாவு வீடுகளும் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொள்ள எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. மாமாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

சாவு வீட்டில் கார்டு நீட்டிய அன்றைக்குச் சாயங்காலம் எனக்கு மாமாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஊரையே அழவைத்துவிட்டு வந்து, ஒன்றும் தெரியாமல் பித்தான் தைத்துக்கொண்டிருக்கிறாரே, இவரையா கூடப்பிறந்தவள் சந்தையில் நின்று திட்டுகிறாள் என்று பொறுக்கமுடியவில்லை. சாப்பிடும்போது என் மீன் துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தேன். அந்தக் கோபத்தில் ஒரு வாரம் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளும் ஏன் என்று கேட்கவில்லை.