ஆண்கள் பக்கத்துத் திரை

பருத்திப்பட்டில் மழைக்கு ஒரு சர்ச்சில் ஒதுங்கி, ஞாயிறு ஆராதனையில் மாட்டிக்கொள்கிறேன். வாசலில் ‘எதிர்காலத்தை நோக்கி நம் சபை’ என்று பெரிய பேனர். உள்ளே பாட்டு வரிகள் ஓடும் புத்தம்புது எல்.இ.டி. திரை. அதை ஆண்கள் பக்கம் மட்டும் தெரிகிற மாதிரி மாட்டியிருக்கிறார்கள். பாட்டுப் புத்தகங்களை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்களாம்.

“லேடீஸ் பக்கம் ஸ்கிரீன் இல்லையா?” என்று கதவருகே நிற்கும் கமிட்டிக்காரரிடம் கேட்கிறேன்.

“அவங்க பாய்ல உக்காந்துகினு மனப்பாடமா பாடறது நம்ம பாரம்பரியம் சார், அத்த மாத்தலாமா? முன்னேற்றம் இந்தப் பக்கம் கீது. ரெண்டையும் பேலன்ஸ் பண்றோம்.” சொல்லும்போது முகத்தில் என்ன பெருமை!

கரண்ட் போகிறது. ஆண்கள் பக்கம் பாதி வரியில் பாட்டு நின்றுவிடுகிறது. பாயில் இருக்கும் பெண்கள் நிறுத்தாமல் அடுத்த சரணத்துக்குப் போகிறார்கள். கமிட்டிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாயை மட்டும் அசைக்கிறார்.