உதிராத சுண்ணாம்பு

எனக்குப் பேச்சு அவ்வளவாக வராது. அதனால் வெள்ளையடித்து முடித்ததும் வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு நிறுத்தி, காய்ந்த சுவரில் என் கருப்புச் சட்டை முதுகை நன்றாகத் தேய்த்துவிட்டுத் திரும்பிக் காட்டுவேன். சட்டையில் ஒரு பொட்டு வெள்ளை இருக்காது. மயிலாப்பூர், மந்தைவெளி வட்டாரத்தில் பொங்கலுக்கு முன்னால் என்னைப் பிடிப்பது கஷ்டம் என்று பேர் வந்தது இந்த முதுகால்தான். ரகசியம் ஒன்றுமில்லை. கிளிஞ்சல் சுண்ணாம்பு, துளி நீலம், வெந்நீரில் கரைத்த வஜ்ரப் பசை. பலபேர் பசையில் கஞ்சத்தனம் பண்ணுவார்கள். நான் பண்ண மாட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்கழி. மந்தைவெளியில் வருஷா வருஷம் நான் வெள்ளையடிக்கிற வீட்டு மாமியின் பெண், அடையாறு பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தாள். பாவாடை கட்டிய நாளிலிருந்து பார்ப்பதால் எனக்கு அவள் பாப்பாதான். ஏணியில் நின்ற என்னை அண்ணாந்து பார்த்தாள்.

“எங்க லேப்ல ஒரு இரும்புக் குழாய்க்குச் சுண்ணாம்பு அடிக்கணும். வரேளா?”

இரும்புக்கு யாராவது சுண்ணாம்பு அடிப்பார்களா, பெயிண்ட் அல்லவா என்று கேட்க நினைத்தேன். வழக்கம்போல் கேட்கவில்லை.

உள்ளேயிருந்து மாமிதான் விளக்கம் கொடுத்தாள். “கடல்ல எண்ணெய் எடுக்கற மேடையாம்ப்பா. வருஷக்கணக்கா உப்புத் தண்ணில நிக்கறதாம். இன்னும் எத்தனை நாள் தாங்கும்னு இவ பாக்கப் போறாளாம். ஆத்துல என் முழங்காலை மட்டும் ஆராய ஆளைக் காணோம்.”

மறுநாள் போனேன். இரண்டு மாடி உயரக் கொட்டகைக்குள் ஒரு பெரிய இயந்திரம். அதன் பிடியில் தடியான குழாய் ஒன்று. அதன் இடுப்பில் சாய்வாக இன்னொரு குழாய் ஒட்டியிருந்தது. பழைய மேடையைப் பிரித்தபோது அதன் காலிலிருந்து அறுத்தெடுத்த மூட்டு என்றாள் பாப்பா. இந்த ஒன்றுக்காக மூன்று வருஷம் பம்பாய் எண்ணெய்க் கம்பெனிக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள்.

“ஒரே தடவைதான் அழுத்த முடியும். இது போனா வேற கிடையாது. சீரா அடிங்கோ” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

சீராகத்தான் அடித்தேன். இரும்பு வழுக்கும் என்று பசையை இரண்டு பங்காகப் போட்டேன். கடலில் நின்ற சாமான், திரும்பப் போனாலும் கரைந்துவிடக் கூடாதே என்று எனக்கு அக்கறை.

அடுத்த நாள் காலையில் வாளியையும் வெள்ளையடிக்கிற மட்டையையும் எடுக்கப் போனபோது, கூட்டமாக இருந்தது. பம்பாயிலிருந்து டை கட்டிய மூன்று பேர் வந்திருந்தார்கள். பாப்பா கையில் கேமராவோடு நின்றாள். நான் இயந்திரம் ஓட்டுகிறவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டேன்.

“எதுக்கு சுண்ணாம்பு?” என்று அவரிடம் மெதுவாகக் கேட்டேன்.

“தெரியாமயா அடிச்ச நைனா? அழுத்தம் ஏற ஏற இரும்பு எங்க மொதல்ல தளருதோ, அங்க சுண்ணாம்பு பொலபொலன்னு உதிரும். அத்த வச்சித்தான் மேடம் கண்டுபிடிக்கும். இன்னா, மூஞ்சி வெளுத்துகினு கீது?”

உதிர வேண்டுமா! இருபது வருஷமாக உதிராமல் இருக்கத்தானே நான் பாடுபட்டேன்! இரும்பே தளர்ந்தாலும் என் பூச்சு தளராது. பாப்பாவின் மூன்று வருஷம் என் பசையில் ஒட்டிக்கொண்டு நின்றது.

அவர் கை பொத்தானுக்குப் போனது. கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. எனக்குத் தெரிந்த பாஷை ஒன்றுதான். நேரே போய், குழாயில் முதுகைத் தேய்த்துவிட்டு, பம்பாய்க்காரர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

“யோவ், முதுகு அரிக்குதுன்னா வெளிய சுவரு கீதுய்யா!” என்று அலறினார் இயந்திரக்காரர்.

டைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாப்பா மட்டும் ஒரு பொட்டு வெள்ளை ஒட்டாத என் கருப்புச் சட்டையையே பார்த்தாள். பிறகு தலையில் கைவைத்தாள்.

“நிறுத்துங்கோ! ஐயோ, நம்மாத்துச் சுவத்துக்குப் போடற பசையா?”

தலையாட்டினேன்.

டைக்காரர்களைக் கேன்டீனுக்கு அனுப்பிவைத்தாள். “தகடு வச்சுச் சுரண்டப்டாது, கீறல் விழுந்தா எல்லாம் போச்சு” என்றாள். வெந்நீரும் தேங்காய் நாருமாக நானும் பாப்பாவும் இயந்திரக்காரரும் சேர்ந்து தேய்த்தோம். “மாமியாரு ஊட்டுப் பாத்திரம்கூட இப்டித் தேச்சதில்ல நைனா” என்றார் அவர். பிறகு வெறும் சுண்ணாம்பைக் கரைத்து மெல்லிசாக ஒரு பூச்சு. வேண்டுமென்றே மட்டமான வேலை செய்வது எவ்வளவு கஷ்டம்! கை தானாகப் பசையைத் தேடியது.

மின்விசிறி வைத்துக் காயவைத்ததும் பாப்பா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, “எங்கே, சாய்ஞ்சு காட்டுங்கோ” என்றாள். குழாயில் அளவெடுக்காத ஓர் ஓரத்தில் சாய்ந்து திரும்பினேன். முதுகு முழுக்க வெள்ளை. “பிரமாதம்!” என்று கைதட்டினாள்.

மத்தியானம் இயந்திரம் ஓடியது. வெகுநேரம் ஒன்றுமில்லை. திடீரென்று மூட்டின் அடிப்பக்கத்தில் ஒரு சிட்டிகை உதிர்ந்தது. அப்புறம் கோடு கோடாக, யாரோ நகத்தால் கீறுகிற மாதிரி. பாப்பா ஒரு கோடு விடாமல் படம் பிடித்தாள். என் சுண்ணாம்பு கொட்டக் கொட்ட நாலு பேர் சந்தோஷப்பட்டதை அன்றுதான் பார்த்தேன்.

எல்லாம் சரி, அந்த வெள்ளை முதுகோடு மந்தைவெளியில் இறங்க முடியுமா? பொங்கல் சீசன் வேறு. சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.