எண்ணெய் பூசிய சுவர்

சென்ட்ரிங் மேஸ்திரி சக்கரபாணிக்கு முப்பது வருஷமாக ஊறிப்போன பழக்கம் ஒன்று உண்டு. சைட்டில் பலகை இறங்கினால் முதல் வேலையாக எண்ணெய் பூசிவிடுவார். இல்லாவிட்டால் கான்கிரீட் இறுகிய பிறகு பலகையைப் பிரிக்க விடாமல் கவ்விக்கொள்ளும். நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே கட்டும் தனியார் படிப்பகத்துக்கு லாரியில் பலகைகள் வந்தபோதும் அதையே செய்தார். காலை ஷிப்ட் சங்கு ஊதுவதற்குள் அவருடைய ஆட்கள் ஆறு பேரும் நான்கு பலகைகளைக் கரிய எண்ணெயில் குளிப்பாட்டிவிட்டார்கள். நல்ல வேலைக்காரர் தப்புச் செய்தாலும் அரைகுறையாகச் செய்யமாட்டார்.

ஆர்க்கிடெக்ட் இசைப்பிரியா வந்து பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"என்ன மேஸ்திரி பண்ணி வச்சிருக்கீங்க? இதுதான் சுவரு!"

"செவுத்துக்குத்தாம்மா பூசிக்கினு இருக்கோம். கம்பி எப்ப வருதுங்க?"

"கம்பியும் இல்ல, கான்கிரீட்டும் இல்ல. இந்தப் பலகையே சுவரு, இதுவே கூரை. உள்ள மரம் அப்படியே தெரியணும்."

சக்கரபாணிக்குத் தலை சுற்றியது. சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, ஒட்டி, அழுத்திய அரைச்சாண் கனப் பலகை. ஜன்னல் ஓட்டையைக்கூட ஃபேக்டரியிலேயே வெட்டி அனுப்பியிருந்தார்கள். வரைபடத்தில் தூண் இல்லை, பீம் இல்லை. நடுவில் தாங்கலே இல்லாமல் கூரை நீண்டுகொண்டே போனது. இது கட்டடமா, பீரோவா? கான்கிரீட்டே இல்லையென்றால் சென்ட்ரிங்காரனுக்கு என்ன வேலை?

"அப்ப நாங்க கெளம்பறதுங்களா?"

"மொதல்ல அந்த எண்ணெயத் தேய்ச்சு எடுங்க" என்றாள், கோபம் ஆறாமல்.

மூன்று நாள் தேய்த்தார்கள். நான்காம் நாள் கிரேன் வந்தது. முதல் பலகையைக் கிரேன்காரர்கள் கோணலாக நிறுத்தியதைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. கத்திக்கொண்டே ஓடினார். முட்டுக் கொடுத்து, தூக்குக்குண்டு விட்டு, இம்மி பிசகாமல் நிமிர்த்தினார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் கூரையும் ஏறிவிட்டது.

"எப்பம்மா பிரிக்கிறது?" என்று நாக்கு பழக்கத்தில் கேட்டுவிட்டது.

இசைப்பிரியா சிரித்துவிட்டாள். "பிரிக்கவே வேணாம் மேஸ்திரி. இப்படியேதான் நிக்கும்."

அவர் நிறுத்திய பலகை எதுவும் மூன்று வாரத்துக்கு மேல் நின்றதில்லை. சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று அவருக்குப் புரியவில்லை. மனைவி வீரம்மாளுக்குப் போன் போட்டார்.

"நான் கட்னது ஒண்ணு நின்னுக்கினு இருக்குது. வந்து பாரேன்."

"சரி, வரேன். நாளைக்கு வேலை இருக்குதா?"

பிரிக்க எதுவும் இல்லாத கூரையைச் சக்கரபாணி அண்ணாந்து பார்த்தார்.